டெக்ஸஸ் ஹைஸ்கூல் நாள்கள், 1945–1970: வெள்ளிக்கிழமை இரவுகளும் பங்காளிச் சண்டைகளும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஹூஸ்டனில் எங்கள் தெருக்கோடி வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். எண்பது வயதைத் தாண்டியவர். ஒவ்வொரு வருடமும் நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை நெருங்கும்போது, பெட்டியிலிருந்து ஊதா நிறக் கம்பளிச் சட்டை ஒன்றை எடுத்து வெயிலில் காயப்போடுவார். "என்ன விசேஷம்?" என்று ஒருமுறை கேட்டேன். "அன்றைக்கு எங்களுக்கும் யேட்ஸ் பள்ளிக்கும் ஆட்டம்" என்றார். அந்த ஆட்டம் நின்று ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அந்தச் சட்டையிலிருந்து தொடங்கிப் பழைய ஆண்டுமலர்கள், ஊர் அருங்காட்சியகங்கள், வயதானவர்களின் பேச்சு என்று தேடிக்கொண்டே போனேன். அதைப் பற்றி நண்பர்களிடம் பேசும்போதெல்லாம் அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

எந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945 முதல் ஏறக்குறைய 1970 வரை. அங்கே ஹைஸ்கூல் என்றால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை, 14 முதல் 18 வயதுப் பிள்ளைகள். டெக்ஸஸில் பன்னிரண்டாம் வகுப்பு என்பதே 1940களின் தொடக்கத்தில்தான் பரவலாக வந்தது. அதற்கு முன்பு பதினோரு வருடத்தில் படிப்பு முடிந்துவிடும். கூடுதலாக ஒரு வருடம் கிடைத்ததும் பையன்கள் இன்னும் உயரமாக, இன்னும் பலமாக மைதானத்துக்கு வந்தார்கள்.

பள்ளிப் போட்டி என்றாலே ஏன் ஃபுட்பால்?

இது காலால் உதைத்து ஆடும் கால்பந்து இல்லை. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு, ஆளை ஆள் மோதித் தள்ளி ஆடும் அமெரிக்க ஆட்டம். மேற்கு டெக்ஸஸில் ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே அறுபது, எழுபது கிலோமீட்டர் வெட்டவெளிதான் இருக்கும். தொழில்முறை அணிகள் வேண்டுமானால் தொலைதூர நகரங்களுக்குப் போக வேண்டும். டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியே 1960இல்தான் பிறந்தது. அதனால் ஊருக்கென்று இருந்த அணி பள்ளிக்கூடத்து அணி ஒன்றுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைகளை அடைத்துவிட்டு ஊரே மைதானத்துக்குக் கிளம்பும். வெளியூர் ஆட்டமென்றால் கார்கள் வரிசை கட்டி நெடுஞ்சாலையில் போகும்.

போட்டிகளை நடத்தியது யூ.ஐ.எல். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பல்கலைக்கழகப் பள்ளிகள் லீக். ஆஸ்டினிலுள்ள டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தின் கீழ் 1910களில் உருவான அமைப்பு இது. முதலில் பேச்சுப் போட்டிக்காகத் தொடங்கியதுதான் பிறகு விளையாட்டு, இசை, கணக்கு என்று வளர்ந்தது. 1920இலிருந்து ஃபுட்பாலில் மாநிலச் சாம்பியன் யார் என்று முடிவு செய்து வருகிறது.

கூட்டம் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: 1945 டிசம்பரில் டல்லாஸின் காட்டன் பவுல் மைதானத்தில் ஹைலேண்ட் பார்க் பள்ளியும் வேகோ பள்ளியும் மோதிய இறுதி ஆட்டத்துக்கு 45,000 பேருக்கு மேல் வந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு! ஆட்டம் 7–7 என்று சமனில் முடிந்தது. இரண்டு பள்ளிகளுக்கும் பட்டத்தைப் பகிர்ந்து கொடுத்தார்கள். போர் முடிந்து சில மாதங்களே ஆன நேரம் அது. அண்ணன்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு ஆட்டம் மட்டுமே காரணமாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

பள்ளி ஆட்டத்துக்கு இருந்த மதிப்பு சட்டத்திலும் ஏறியது. 1961இல் வந்த விளையாட்டு ஒளிபரப்புச் சட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றம் 1966இல் திருத்தியபோது, பள்ளி ஆட்டங்கள் நடக்கும் பருவத்தில் வெள்ளி இரவு தொழில்முறை ஃபுட்பாலை டிவியில் காட்டி அவற்றின் கூட்டத்தைக் கெடுக்கக் கூடாது என்று பாதுகாப்பு வைத்தார்கள்.

ஒரு பள்ளிக்கு எதிரிப் பள்ளி எப்படி அமைகிறது?

பெரும்பாலும் பக்கத்து ஊர்தான். ஓக்லஹோமா எல்லையில், ரெட் ஆற்றங்கரைக்கு அருகில், ஷெர்மன், டெனிசன் என்று இரண்டு ஊர்கள் ஒட்டினாற்போல் இருக்கின்றன. டெனிசன்தான் அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் பிறந்த ஊர். இந்த இரண்டு ஊர்ப் பள்ளிகளும் 1901இலிருந்து மோதுகின்றன. ஜெயித்தவர்களுக்குப் பரிசாக ஒரு கோடரி. கோடரி எந்த ஊரில் இருக்கிறது என்பதுதான் அந்த வருடம் முழுக்கப் பேச்சு.

ஆனால் உக்கிரமான சண்டைகள் ஒரே ஊருக்குள் பிறந்தவை. ஊர் பெருத்து, ஒரு பள்ளி இரண்டாகப் பிரியும். நம் பேச்சில் பங்காளிச் சண்டை என்போமே, அப்படியே. ஒடெஸாவைப் பாருங்கள். எண்ணெய் பீறிட்ட பெர்மியன் வடிநிலத்து ஊர். 1940இல் பத்தாயிரம் பேர்கூட இல்லை. 1960இல் எண்பதாயிரம் பேர். ஒடெஸா ஹைஸ்கூல் 1946இல் மாநிலச் சாம்பியன் ஆன பள்ளி, ஊரின் ஒரே பெருமை. மக்கள் தொகை தாங்காமல் 1959இல் ஊரின் வேறொரு பக்கத்தில் பெர்மியன் ஹைஸ்கூலைத் திறந்தார்கள். புதுக் குடியிருப்புகள், புதுப் பணம் எல்லாம் அந்தப் பக்கம் போயின. 1965இல் பெர்மியன் மாநிலப் பட்டத்தையே தூக்கிவிட்டது. 1964இல் தம்பிப் பள்ளியை ஜெயித்த ஒடெஸா, அடுத்த வெற்றிக்கு முப்பது வருடத்துக்கு மேல் காத்திருந்தது. ஒரே தெருவில் அப்பா பழைய பள்ளி, பையன் புதுப் பள்ளி. சாப்பாட்டு மேசையில் ஆட்டப் பேச்சே எடுக்கக் கூடாது என்று தடை போட்ட வீடுகள் இருந்தன என்கிறார்கள். நம்பத்தான் தோன்றுகிறது.

அபிலீனில் 1960இல் கூப்பர் பள்ளி வந்தது, அமரில்லோவில் 1958இல் டஸ்கோஸா பள்ளி வந்தது. அதே கதைதான்.

டைலர் ஊரின் கதை மட்டும் கொஞ்சம் வேறு. 1958இல் திறந்த புதுப் பள்ளிக்கு உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தரப்பின் தளபதி ராபர்ட் ஈ. லீ பெயரை வைத்தார்கள். கறுப்பினப் பிள்ளைகளைத் தனிப் பள்ளியில் ஒதுக்கி வைப்பது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லி நான்கு வருடம் ஆகியிருந்தது. பெயர் தற்செயல் என்று என்னால் ஏற்க முடியவில்லை. 2020இல்தான் அந்தப் பெயரை மாற்றினார்கள்.

அபிலீனின் 49 வெற்றிகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்களே, அது என்ன?

1954 முதல் 1957 வரை அபிலீன் ஹைஸ்கூல் தொடர்ந்து 49 ஆட்டங்களை ஜெயித்தது. கோச் பெயர் சக் மோசர். 1954, 1955, 1956 என்று மூன்று வருடமும் மாநிலப் பட்டம். எனக்கு இதில் பிடித்தது தொடக்கமும் முடிவும்தான். தொடர் தொடங்குவதற்கு முன்பு, 1954 பருவத்தின் ஆரம்பத்தில், அவர்களை வீழ்த்தியது பிரெக்கன்ரிட்ஜ் என்ற சின்ன எண்ணெய் ஊர். அபிலீனோடு ஒப்பிட்டால் கையளவு ஊர். ஆனால் அந்தப் பத்தாண்டில் பட்டம் மேல் பட்டம் வாங்கிய பள்ளி அது. முடிவும் விசித்திரமானது. 1957 அரையிறுதியில் அபிலீன் தோற்கவில்லை. டல்லாஸ் ஹைலேண்ட் பார்க்குடன் 20–20 என்று சமன். அந்தக் காலத்தில் கூடுதல் நேரம் ஆட விடமாட்டார்கள். சமனில் முடிந்தால் ஆட்டத்தின் உள்கணக்குகளைப் பார்த்து ஒருவரை அடுத்த சுற்றுக்கு அனுப்புவார்கள். அப்படி ஹைலேண்ட் பார்க் முன்னேறியது. தோற்காமலேயே அபிலீன் பையன்கள் வீட்டுக்குப் போனார்கள்.

எதிரிப் பள்ளியோடு ஆட்டம் என்றால் அந்த வாரம் என்ன நடக்கும்?

திங்கள்கிழமையே தொடங்கிவிடும். கடை ஜன்னல்களில் வெள்ளைச் சாயத்தால் வாசகங்கள் எழுதுவார்கள். பையன்கள் பழைய மரப்பெட்டி, வேலிக் கட்டை, கார் டயர் எல்லாம் கேட்டு வாங்கிச் சேர்ப்பார்கள், சில சமயம் கேட்காமலும். வியாழக்கிழமை ராத்திரி ஊருக்கு வெளியே சொக்கப்பனை மாதிரி அடுக்கிக் கொளுத்துவார்கள். அந்தக் குவியலுக்கு முந்தைய ராத்திரிகளில் காவல் போட வேண்டும். எதிரிப் பள்ளிப் பையன்கள் முன்கூட்டியே வந்து தீ வைத்துவிட்டால் அதைவிட மானக்கேடு கிடையாது. லாரியின் பின்னால் போர்வையைச் சுற்றிக்கொண்டு விடிய விடியக் காவலிருந்தது, ஆட்டத்தைவிட நன்றாக ஞாபகம் இருப்பதாகப் பலர் சொல்கிறார்கள்.

அப்புறம் சேட்டைகள். எதிரி கோச் வீட்டு மரத்தில் கழிவறைக் காகிதச் சுருளை வீசி மரம் முழுக்க வெள்ளையாக்குவது. தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்தில் ஏறித் தன் பள்ளிப் பெயரை எழுதுவது. எதிரிப் பள்ளியின் சின்னமாக இருக்கும் ஆட்டையோ கழுதையையோ கடத்திக்கொண்டு வருவது. சில ஊர்களில் இது எல்லை மீறிக் கைகலப்பாகவும் ஆனது, காயங்களும் உண்டு. மாட்டிக்கொண்டால் முதல்வர் அறையில் மரப்பலகையால் பின்புறத்தில் அடி. அந்த அடியை அன்று யாரும் கேள்வி கேட்கவில்லை. எனக்கு அதைக் கேட்க இன்றும் சங்கடமாகத்தான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை மதியம் கடைசி வகுப்பை நிறுத்திவிட்டு, ஜிம் கூடத்தில் மொத்தப் பள்ளியும் கூடும். பேண்ட் முழங்கும், சியர்லீடர்கள் கத்துவார்கள், கோச் இரண்டு வார்த்தை பேசுவார். இதுதான் பெப் ராலி.

வருடத்தில் ஒரு ஆட்டம் ஹோம்கமிங். பழைய மாணவர்கள் எல்லோரும் ஊர் திரும்பும் நாள். அன்றைக்குப் பையன் தன் தோழிக்குப் பெரிய சாமந்திப்பூ ஒன்றைப் பள்ளி நிற ரிப்பன்களோடு வாங்கித் தர வேண்டும். அதை "மம்" என்பார்கள். 1950களில் அது உண்மையான பூ, ஒற்றைப் பூ, உள்ளங்கை அகலம். தோள்பட்டையில் குத்திக்கொண்டு மைதானத்துக்கு வருவார்கள். இன்றைக்கு அது துணிப்பூவாகி, பொம்மையும் மணியும் விளக்கும் சேர்ந்து முழங்கால் வரை தொங்குகிறது. பழைய பூவின் வாசம் குளிரில் எப்படி இருக்கும் என்று பாட்டி சொன்னபோது, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

பெண் பிள்ளைகளுக்கு மைதானத்தில் இடம் இருந்ததா?

ஓரத்தில் இருந்தது. ஆனால் அந்த ஓரத்தையே ஒருவர் நடுமைதானமாக்கினார். கஸ்ஸி நெல் டேவிஸ். கிரீன்வில் என்ற ஊரின் ஹைஸ்கூலில் 1920களின் கடைசியில் பெண்களின் உற்சாகக் குழுவை அணிவகுப்பும் நடனமும் கலந்த அணியாக மாற்றினார். பிறகு கில்கோர் கல்லூரிக்குப் போய், ஆட்ட இடைவேளையில் ஆடும் ரேஞ்சரெட்ஸ் குழுவை உருவாக்கினார். 1940இல் அவர்களுடைய முதல் நிகழ்ச்சி. அதைப் பார்த்து டெக்ஸஸ் ஹைஸ்கூல்கள் எல்லாம் ட்ரில் டீம் தொடங்கின. ஒரு வரிசையில் நிற்கும் அத்தனை பேரின் காலும் ஒரே உயரத்துக்கு எழ வேண்டும். பயிற்சியின் கடுமையில் ஃபுட்பாலுக்குக் குறைவில்லை.

விளையாட்டு என்று பார்த்தால் கிராமப்புறங்களில் பெண்கள் கூடைப்பந்து பலமாக இருந்தது. 1951இல் யூ.ஐ.எல். பெண்களுக்கு மாநிலப் போட்டி நடத்தத் தொடங்கியது. ஆனால் ஆறு பேர் ஆட்டம். மூன்று பேர் தடுக்கும் பாதியிலேயே நிற்க வேண்டும், மூன்று பேர் கூடையில் போடும் பாதியில். நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. பெண்களால் முழு மைதானம் ஓட முடியாது என்று நினைத்தார்கள். பருத்தி வயலில் நாள் முழுக்கக் குனிந்து பறித்த பெண்கள் அவர்கள்! 1970களின் பிற்பகுதி வரை அந்தக் கோடு அங்கேயே இருந்தது.

ஆட்டம் இல்லாத நாள்களில் என்ன செய்தார்கள்?

கார் ஓட்டினார்கள். 14 வயதிலேயே உரிமம் வாங்கிவிட்டதாகச் சொல்பவர்கள் நிறைய. சனிக்கிழமை ராத்திரி முக்கிய வீதியில் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெதுவாகப் போய்த் திரும்பி வருவது, மறுபடி போவது. யார் யாரோடு காரில் இருக்கிறார்கள் என்று பார்ப்பதும் பார்க்கப்படுவதும்தான் நோக்கம். சுற்று முடிந்தால் காரில் உட்கார்ந்தபடியே சாப்பிடும் டிரைவ்-இன். அந்த வழக்கமே டெக்ஸஸில் பிறந்ததுதான், 1921இல் டல்லாஸில் திறந்த பிக் ஸ்டாண்ட் கடையில். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு டிரைவ்-இன். எதிரிப் பள்ளியின் டிரைவ்-இன்னுக்குள் கார் நுழைந்தால் அதுவே போர் அறிவிப்பு. வேகோவில் பிறந்த டாக்டர் பெப்பர் சோடாவைக் குடித்துக்கொண்டு ரேடியோவை உரக்க வைப்பார்கள்.

அந்த ரேடியோவில் கேட்டது பக்கத்து வகுப்புப் பையனாகவும் இருக்கலாம். பட்டி ஹாலி 1955இல் லபக் ஹைஸ்கூலில் படிப்பு முடித்தார். மாணவராக இருந்தபோதே நண்பரோடு உள்ளூர் வானொலியில் பாடிக்கொண்டிருந்தார். அந்த வருடம் எல்விஸ் பிரெஸ்லி லபக்குக்கு வந்தபோது அதே மேடையில் முன்னதாகப் பாடினார். நான்கே வருடத்தில், 1959 பிப்ரவரி 3 அன்று, 22 வயதில் விமான விபத்தில் இறந்துபோனார். ராய் ஆர்பிசனும் அப்படித்தான். விங்க் என்ற புழுதி பறக்கும் எண்ணெய் ஊரின் பள்ளியில் இசைக்குழு அமைத்து, 1954இல் படிப்பு முடித்தார்.

இனிப்பாக மட்டும் சொல்லக் கூடாது. 1950 முதல் 1957 வரை டெக்ஸஸை வாட்டிய வறட்சி பண்ணைக் குடும்பங்களை உலுக்கியது. கோடையில் போலியோ பயம், நீச்சல் குளங்களை மூடுவார்கள். 1955இல் தடுப்பூசி வரும் வரை ஒவ்வொரு செப்டம்பரிலும் வகுப்பில் யார் திரும்பி வரவில்லை என்று பார்க்க வேண்டியிருந்தது.

பதினோரு பையன்களே இல்லாத ஊர்கள் என்ன செய்தன?

ஆறு பேர் ஃபுட்பால் ஆடின. 1934இல் நெப்ராஸ்காவில் ஒரு ஆசிரியர் உருவாக்கிய வடிவம், 1938 வாக்கில் டெக்ஸஸுக்கு வந்தது. மைதானம் 80 கெஜ நீளம், 40 கெஜ அகலம். இடைவேளையிலோ அதற்குப் பிறகோ வித்தியாசம் 45 புள்ளியை எட்டினால் ஆட்டத்தை அத்தோடு நிறுத்திவிடுவார்கள். 1949இல் வந்த கில்மர்–ஐக்கின் சட்டங்கள் சின்னச் சின்னப் பள்ளி மாவட்டங்களைப் பெரியவற்றோடு இணைத்தன. ஆசிரியர் சம்பளம் உயர்ந்தது, படிப்பும் மேம்பட்டது. ஆனால் பள்ளி போன ஊர் சில வருடத்தில் ஊராகவே இல்லாமல் போனது. நேற்று வரை மோதிய இரண்டு ஊர்ப் பிள்ளைகள் இன்றைக்கு ஒரே பேருந்தில்.

கறுப்பின மாணவர்கள் இந்தப் போட்டிகளில் எங்கே இருந்தார்கள்?

நான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

யூ.ஐ.எல். வெள்ளையர் பள்ளிகளுக்கு மட்டும். கறுப்பினப் பள்ளிகள் 1920இல் தங்களுக்கென்று ஒரு லீகை அமைத்துக்கொண்டன. பிரெய்ரி வியூ கல்லூரியிலிருந்து இயங்கியதால் பிரெய்ரி வியூ லீக் என்று பெயர். அதற்கும் பேச்சுப் போட்டி, இசை, ஓட்டப்பந்தயம், ஃபுட்பால், மாநிலப் பட்டம் எல்லாம் உண்டு. ஒரே ஊரில், ஒரே தெருவின் இரண்டு முனைகளில், இரண்டு ஹைஸ்கூல்கள், இரண்டு அணிகள். ஒருமுறைகூட ஒன்றோடொன்று ஆடியதில்லை. பங்காளிச் சண்டை போட முதலில் பங்காளி என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதைத்தான் டெக்ஸஸ் மறுத்தது. வெள்ளிக்கிழமை இரவு வெள்ளைப் பள்ளிகளுக்கு என்பதால் பல ஊர்களில் கறுப்பினப் பள்ளிகள் அதே மைதானத்தில் புதனோ வியாழனோ ஆடின. வெள்ளைப் பள்ளி கழித்துப்போட்ட சீருடையும் தலைக்கவசமும்தான் அவர்களுக்கு வந்தன.

இவ்வளவுக்கும் நடுவில்தான் டெக்ஸஸின் மிகப் பெரிய பள்ளிப் போட்டி வளர்ந்தது. ஹூஸ்டனின் மூன்றாம் வார்டு ஜாக் யேட்ஸ் பள்ளி, சிவப்பும் பொன்னும். ஐந்தாம் வார்டு ஃபிலிஸ் வீட்லி பள்ளி, ஊதாவும் வெள்ளையும். 1927 முதல் 1966 வரை தேங்க்ஸ்கிவிங் நாளில் மோதின. பிற்காலத்தில் ஜெப்பெசன் ஸ்டேடியத்தில், 30,000 பேருக்கு மேல். காலையில் ஊர்வலம், அலங்கார வண்டியில் பள்ளி ராணி, இரண்டு பேண்டுகளின் போட்டி. தேவாலயத்துக்குப் போவதுபோல் புது உடுப்பு போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போனோம் என்றார் பாட்டி. தொப்பி, கையுறை, உயர்குதி செருப்பு. துணி வாங்க அம்மா ஆகஸ்டிலேயே கடையில் தவணை கட்டத் தொடங்கிவிடுவாராம். குடும்பத்துக்குள் யேட்ஸில் படித்த மாமா இருந்தால் அன்றைய வான்கோழி விருந்தில் அவர் தனி மேசை.

வீட்லி வெறும் ஃபுட்பால் பள்ளியும் இல்லை. பார்பரா ஜோர்டன் அங்கே பேச்சுப் போட்டிகளில் தேறி 1952இல் படிப்பை முடித்தவர். 1966இல் டெக்ஸஸ் செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்னாளில் அதிபர் நிக்சன் மீதான பதவிநீக்க விசாரணையில் நாடே கேட்ட அந்தக் குரல் இந்தப் பள்ளி மேடைகளில் பழகிய குரல்தான்.

போமண்டில் ஹெபர்ட் பள்ளிக்கும் சார்ல்டன்–பொல்லார்ட் பள்ளிக்கும் நடந்த ஆட்டத்துக்கு "சோல் பவுல்" என்றே பெயர். சார்ல்டன்–பொல்லார்டின் பப்பா ஸ்மித் பிறகு தொழில்முறை ஆட்டத்தில் கொடிகட்டிப் பறந்தார். அவருடைய அப்பாதான் பள்ளி கோச். ஹெபர்ட்டின் ஜெர்ரி லிவாயஸ் 1966இல் எஸ்.எம்.யூ. பல்கலைக்கழகத்துக்கு ஆடினார், தென்மேற்குக் கூட்டமைப்பு என்ற பல்கலைக்கழக லீகில் உதவித்தொகை பெற்ற முதல் கறுப்பின ஆட்டக்காரர் அவர். பின்னாளில் தொழில்முறை ஆட்டத்தில் புகழ்பெற்ற ஜோ கிரீன் டெம்பிள் ஊரின் டன்பார் பள்ளிப் பையன். இவர்களை அவரவர் ஊரின் வெள்ளைப் பள்ளி ஒருநாளும் எதிர்கொள்ளவில்லை. 1945 முதல் 1966 வரையிலான ஒவ்வொரு "மாநிலச் சாம்பியன்" பட்டத்தையும் நான் இப்போது பாதிப் பட்டமாகத்தான் பார்க்கிறேன், 49 வெற்றிகள் உட்பட.

மெக்ஸிக வம்சாவளி மாணவர்கள்?

சட்டப்படி யூ.ஐ.எல்.லில் சேர்த்தி, நடைமுறையில் ஒதுக்கம். பல ஊர்களில் அவர்களுக்குத் தனிப் பள்ளி. பள்ளியில் ஸ்பானிஷ் பேசினால் அடி, அபராதம்.

எல் பாசோவின் போவி பள்ளி 1949இல் யூ.ஐ.எல்.லின் முதல் மாநில பேஸ்பால் பட்டத்தை ஜெயித்தது. மெக்ஸிக எல்லையை ஒட்டிய ஏழைக் குடியிருப்புப் பையன்கள். கோச் நெமோ ஹெரேரா. ஆஸ்டினுக்கு வந்தபோது மற்ற அணிகள் விடுதிகளில் தங்க, இவர்கள் ஸ்டேடியத்தின் படிக்கட்டுகளுக்கு அடியில் மடக்குக் கட்டிலில் தூங்கினார்கள்.

டெல் ரியோ ஊரில் ஓடைக்கு ஒரு பக்கம் டெல் ரியோ பள்ளி, மறுபக்கம் மெக்ஸிக வம்சாவளியினர் 1929இல் தாங்களே உண்டாக்கிய சான் ஃபெலிப்பே பள்ளி மாவட்டம். அந்தப் பள்ளிப் பையன்கள் கோல்ஃப் மைதானத்தில் பணக்காரர்களின் பையைத் தூக்கி ஆட்டத்தைக் கற்றுக்கொண்டவர்கள். 1957இல் மாநில கோல்ஃப் பட்டத்தை வாங்கினார்கள். 1971இல் இரண்டு பள்ளி மாவட்டங்களையும் இணைத்துவிட்டார்கள்.

ரியோ கிராண்டே பள்ளத்தாக்கின் டோனா ஊரையும் சொல்ல வேண்டும். மெக்ஸிக வம்சாவளிப் பையன்களும் வெள்ளைப் பையன்களும் சேர்ந்து ஆடி 1961இல் மாநில ஃபுட்பால் பட்டத்தை ஜெயித்த அணி. வடக்கே ஆடப் போனபோது கேட்ட ஏச்சை அவர்கள் மறக்கவில்லை.

அப்புறம் கிறிஸ்டல் சிட்டி. பெரும்பான்மை மெக்ஸிக வம்சாவளிப் பிள்ளைகள் படித்த பள்ளி. நான்கு சியர்லீடர்களில் ஒருவர் மட்டும்தான் அவர்களில் இருந்து வரலாம் என்பது எழுதாத விதி. 1969 டிசம்பரில் மாணவர்கள் பள்ளியை விட்டு வெளியேறினார்கள். சியர்லீடர் தேர்வில் பற்றிய நெருப்பு அது. சில மாதங்களில் பள்ளி வாரியமே அவர்களுடைய பெற்றோர் கைக்கு வந்தது. சியர்லீடர் பதவி சில்லறை விஷயம் என்று நினைப்பவர்களிடம் நான் இந்த ஊரைத்தான் காட்டுவேன்.

பள்ளிகள் ஒன்றாக்கப்பட்டபோது என்ன ஆனது?

இனவாரியாகப் பள்ளிகளைப் பிரிப்பது சட்டவிரோதம் என்ற 1954 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகும் வருடக்கணக்கில் இழுத்தடித்தார்கள். 1956இல் மேன்ஸ்ஃபீல்ட் பள்ளியில் கறுப்பின மாணவர்களைச் சேர்க்க நீதிமன்றம் உத்தரவிட்டது. வாசலில் கும்பல் கூடிக் கொடும்பாவி தொங்கவிட்டது. ஆளுநர் ஆலன் ஷிவர்ஸ் டெக்ஸஸ் ரேஞ்சர் காவலர்களை அனுப்பினார், பிள்ளைகளை உள்ளே விடுவதற்கு இல்லை. சொந்த ஊரில் பள்ளி இருக்க, அவர்கள் ஃபோர்ட் வொர்த்தின் ஐ.எம். டெரல் பள்ளிக்கே பேருந்து ஏறிப் போய்வந்தார்கள். மேன்ஸ்ஃபீல்ட் கதவு திறக்க 1965 ஆனது.

1967இல் கறுப்பினப் பள்ளிகள் யூ.ஐ.எல்.லில் சேர்ந்தன. 1970இல் பிரெய்ரி வியூ லீக் மூடப்பட்டது. பிரிவினை ஒழிந்ததில் எனக்கு முழு மகிழ்ச்சி. ஆனால் ஒன்றாக்கிய விதம் ஒருபக்கச் சார்பு. ஊர் ஊராக மூடியது கறுப்பினப் பள்ளியைத்தான். அதன் நிறம், பாட்டு, கோப்பைகள், கோச் எல்லாம் போயின. பட்டங்கள் வாங்கித் தந்த கோச்சுகள் வெள்ளைப் பள்ளியில் உதவிக் கோச்சானார்கள். யேட்ஸும் வீட்லியும் மூடவில்லை, ஆனால் புது அட்டவணையில் தேங்க்ஸ்கிவிங் ஆட்டத்துக்கு இடமில்லை.

எல்லோரும் இந்த நாள்களைப் பிரியமாகத்தான் நினைக்கிறார்களா?

இல்லை. போர்ட் ஆர்தரில் 1960இல் படிப்பை முடித்த ஜேனிஸ் ஜாப்ளின் பள்ளியில் பட்ட கேலி கொஞ்சம் இல்லை. உலகப் பாடகியான பிறகு, 1970 ஆகஸ்டில், பத்தாம் ஆண்டுச் சந்திப்புக்கு இறகுகளும் வண்ணக் கண்ணாடியுமாகத் திரும்பி வந்தார். அந்த அக்டோபர் 4ஆம் தேதி 27 வயதில் இறந்தார். அணியில் இடம் கிடைக்காதவர்கள், நடனத்துக்கு யாரும் அழைக்காதவர்கள், ஊரைவிட்டுப் போனால் போதும் என்றிருந்தவர்கள் ஆண்டுமலரின் ஓரப் படங்களில் இருக்கிறார்கள். ஆண்டுமலர் கையில் கிடைத்தால் நான் முதலில் அந்த ஓரங்களைத்தான் பார்க்கிறேன்.

போய்ப் பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

லபக்கில் பட்டி ஹாலி மையம் இருக்கிறது, வாசலில் அவருடைய மூக்குக் கண்ணாடியைப் பெரிதாகச் செய்து வைத்திருக்கிறார்கள். போர்ட் ஆர்தர் அருங்காட்சியகத்தில் ஜாப்ளினுக்கு இடம் உண்டு. ஷெர்மன், டெனிசன் ஆட்டம் இன்னும் நடக்கிறது.

ஜெப்பெசன் ஸ்டேடியத்தை 2012இல் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் புது ஸ்டேடியம் நிற்கிறது. போன நவம்பரில் பாட்டியை அங்கே காரில் கூட்டிக்கொண்டு போனேன். சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வந்தார். வேலிக்கு வெளியே நின்று, ஊதாக்காரர்கள் எந்தப் பக்கம் உட்காருவார்கள், சிவப்புக்காரர்கள் எந்தப் பக்கம், பேண்ட் எந்த வாசல் வழியாக உள்ளே வரும் என்று கையை நீட்டி ஒவ்வொன்றாகக் காட்டினார். கார் நிறுத்துமிடத்தில் எங்களைத் தாண்டிப் போன ஒரு பெரியவர் சட்டையைப் பார்த்துவிட்டு நின்றார். "வீட்லியா?" என்றார். தான் யேட்ஸ் என்றார். இருவரும் முக்கால் மணி நேரம் நின்றபடியே சண்டை போட்டார்கள்.